வெள்ளைத் துணி மூடிய தட்டு

மெக்சிகோ என்று ஒரு நாடு இருப்பது எனக்கு அந்த வருஷம் வரைக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மண்ணச்சநல்லூர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் நான் பார்த்ததெல்லாம் நீலமும் மஞ்சளும்தான். அந்த நாட்டுச் சாப்பாட்டைத் திருச்சி கண்டோன்மெண்டில், அப்போது இருந்ததிலேயே பெரிய ஓட்டலில், மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான் என்றால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சாப்பிட்டவள் என்று சொல்வதும் சரியில்லை. உட்கார்ந்திருந்தவள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. நான், என் வீட்டுக்காரர், மாமியார், நாலு மாதக் கைக்குழந்தை. மூத்தவன் அவன். பிறக்கும்போதே எடை குறைவு. மூன்றாம் மாதத்தில் மாந்தம் வந்து பச்சை பச்சையாகப் போய், கண் உள்ளே போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பிழைத்து வந்தான். என் மாமியார் தன் பிள்ளைகளில் இரண்டை மாந்தத்துக்குக் கொடுத்தவர். அதனால் என் தட்டில் என்ன விழலாம், என்ன விழக்கூடாது என்பதை அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் தின்பதுதான் பாலாகிப் பிள்ளை வயிற்றுக்குப் போகிறது என்பது அவர் கணக்கு. பயறு வகை கூடாது, வாயு. பச்சை மிளகாய் கூடாது. தக்காளி குளிர்ச்சி. சோளம் எனக்கே செரிக்காது, பிள்ளைக்கு எப்படிச் செரிக்கும்? பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுட்ட கருவாடு, இவ்வளவுதான் என் சாப்பாடு. எனக்கும் அதில் வருத்தம் இல்லை. பிள்ளை கண் உள்ளே போனதைப் பார்த்தவள் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் என்னிடம் தவிர வேறு எதுவும் குடிக்கமாட்டான். சங்கில் பசும்பால் ஊற்றினால் நாக்கை வெளியே தள்ளித் துப்பிவிடுவான்.

என் வீட்டுக்காரர் விதையும் உரமும் விற்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீயும் என்கூட வரணும். மக்காச்சோள விதை விஷயமா மெக்சிகோலேருந்து ஒருத்தரு வந்திருக்காரு. சம்சாரத்தோட வந்திருக்காரு. மேனேஜரு அவங்களுக்கு ஓட்டல்ல விருந்து குடுக்குறாரு."

எனக்கு வாயே வரவில்லை. மாமியார்தான் அடுப்படியிலிருந்து கேட்டார்.

"பச்சப்புள்ளக்காரிய எங்கடா கூட்டிக்கிட்டுப் போற?"

"அந்தம்மா ஒத்தப் பொம்பளையா உக்காந்திருக்கும்மா. துணைக்கு ஒரு பொம்பளை வேணுமாம்."

"உன் மேனேஜரு பொண்டாட்டிய உக்கார வைக்கச் சொல்லு."

"அவங்க மெட்ராஸ்ல மக பிரசவத்துக்குப் போயிருக்காங்க."

"அவன் பொண்டாட்டி புள்ளப்பேறு பாக்கப் போயிருவா. புள்ள பெத்தவ விருந்துக்குப் போவணும். நல்லா இருக்குடா உன் கம்பெனி!"

மாமியார் பேசிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில் வேலை நிரந்தரம் என்ற சொல் வந்ததும் மாமியார் வாயை மூடிக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் எனக்குப் பக்கத்து வீட்டில் போய் ஒரு கரண்டி சர்க்கரை கேட்பதே மலையாக இருக்கும்.

அடுத்த நாள் அவர் ஆபீஸிலிருந்து ஒரு கத்தியும் முள்கரண்டியும் கொண்டுவந்தார். தோசையை வைத்து எனக்குப் பழக்கம் கொடுத்தார். முள்ளை இடது கையில் பிடி, கத்தியை வலது கையில் பிடி, சத்தம் வராமல் அறு. தோசை தட்டை விட்டு வழுக்கிப் பாயில் விழுந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "அது செத்துப்போய் ரொம்ப நேரமாச்சு, இன்னும் ஏண்டி குத்துற?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் மேலே சொல்லிக் கொடுத்தார்.

"மடியில துணி விரிச்சுக்க. கொறிக்காத, உறிஞ்சாத. பயந்துக்காத. முக்கியமா ஒண்ணு. நீயா எதையும் செஞ்சிடாத. மத்தவங்க என்ன செய்றாங்களோ அதைப் பாத்து அதே மாதிரி செய். அவ்வளவுதான்."

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. பார்த்துச் செய்வது எனக்குத் தெரியும். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஜீப் வாசலில் வந்து ஆரன் அடிக்கும் வரைக்கும் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அவன் பசி தாங்கும் நேரமும் அதுதான். அதற்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் தெருவே கேட்கும்படி அழுவான். மாமியார் வாசல்வரை வந்து, டிரைவருக்குக் கேட்காத குரலில், பயறு, மிளகாய், தக்காளி, சோளம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "கொழம்பு ஊத்த வந்தா வேணாம்னுட்டு ரசம் கேளு" என்றார். ரசம் இல்லாத விருந்து ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஓட்டலில் கூரை அவ்வளவு உயரத்தில் இருந்தது. நீண்ட கம்பிகளில் மின்விசிறிகள் தொங்கின. தலைப்பாகையும் சிவப்பு இடுப்புப் பட்டையும் கட்டிய, பரிமாறுகிற பேரர்கள் சுவரோரம் நின்றார்கள். சத்தமே இல்லை. நடந்தால் நம் மெட்டிச் சத்தம் நமக்கே கேட்டது. நான் விரலை மடக்கிக்கொண்டு நடந்தேன்.

மேனேஜர் கோட்டுப் போட்டிருந்தார். சீமையில் படித்தவர், ஆனால் தமிழில்தான் பேசினார். "வாங்கம்மா, வாங்க. நீங்கதான் இங்க உக்காரணும்" என்று மேசையின் ஒரு தலைமாட்டு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அவர் எதிர்த் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில். நடுவில் ஒரு பெரிய பூச்சாடி. அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர் முகம் மறைந்துபோனது. என் முதுகுக்குப் பின்னால் சுவர். என் வலது பக்கம் மெக்சிகோக்காரர். இடது பக்கம் கம்பெனியின் பழைய பங்குதாரரான ஒரு பெரியவர். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, நல்ல வயசு. அந்தப் பெரியவருக்கு அடுத்து மெக்சிகோக்காரரின் மனைவி.

வெள்ளைக்காரி என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்தம்மா நம் நிறம். நம்மைப் போலவே எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. தோளில் பல வண்ணத்தில் நெய்த சால்வை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டி, உண்டா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன். எவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் தன் கையால் நாலு உயரம் காட்டினார், படிக்கட்டு மாதிரி. அத்தனை பேரையும் அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பிறகு சாப்பாடு வந்தது. அந்தம்மாவே காலையில் ஓட்டல் சமையல்கட்டில் நின்று சமையல்காரருக்குச் சொல்லிக் கொடுத்தாராம். மேனேஜர் பெருமையோடு சொன்னார். நான் தட்டைப் பார்த்தேன். மக்காச்சோள மாவில் தட்டிய ரொட்டி. வேகவைத்து மசித்து எண்ணெயில் வதக்கிய தட்டைப்பயறு. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் மூன்றையும் பச்சையாகப் பொடிப்பொடியாக நறுக்கிய ஒன்று. மலையிலிருந்து வரவழைத்த ஏதோ பழத்தின் பச்சை விழுது, அதிலும் பச்சை மிளகாய். கோழிக்கறி, அதுவும் மிளகாயில் மூழ்கி. மாமியார் வாசலில் நின்று சொன்ன வரிசை அப்படியே தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

ரசம் எங்கும் இல்லை.

சரி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று காத்திருந்தேன். ஒருவரும் கை வைக்கவில்லை. மெக்சிகோக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியவர் பார்த்தார். அந்தம்மா பார்த்தார். சாப்பாட்டில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. ஒருவேளை இவர்கள் சாமி கும்பிடுவார்களோ என்று நினைத்தேன். கடைசியில் அங்கிருந்து மேனேஜர், "நீங்க ஆரம்பிங்கம்மா" என்றார்.

எங்கள் வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது பெண்களைப் பார்த்து ஆண்கள் அப்படி ஒரு மரியாதைக்குச் சொல்வார்கள். நாங்களும் மரியாதைக்கு ஒன்று சொல்வோம். நான் அதையே சொன்னேன்.

"பரவால்லங்க. நீங்கல்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்."

மேனேஜர் பெரிதாகச் சிரித்தார். பூச்சாடிக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் இருமல் கேட்டது. அது என்ன இருமல் என்று எனக்குத் தெரியும். ரொட்டியில் ஓரமாக ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டேன். உடனே மேசை முழுக்கக் கைகள் அசைந்தன. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மெக்சிகோக்காரரும் அவர் மனைவியும் ரொட்டியைக் கையால்தான் பிய்த்தார்கள். கையாலேயே பயறைத் தொட்டு வழித்துச் சாப்பிட்டார்கள். நான் அந்தத் தோசையை அத்தனை நாள் குத்தினதை நினைத்துக்கொண்டேன்.

என் கைக்கு வேலை இல்லை. கிள்ளின துண்டையே வாயில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டால் பிள்ளை வயிறு. சாப்பிடாவிட்டால் அவர் வேலை. யாராவது பார்க்கும்போது ரொட்டியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன். பசி இல்லாமல் இல்லை. பால் கொடுப்பவளின் பசி எப்படி இருக்கும் என்று கொடுத்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பயற்றின் வாசனை, எண்ணெயில் வதங்கின வாசனை, இன்றைக்கும் எனக்கு நினைவு இருக்கிறது.

அவர்கள் தட்டுகள் காலியாயின. என் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. இதை எல்லாரும் பார்ப்பார்களே என்று எனக்குக் காது சுட்டது. இலையாக இருந்தால் மடித்துவிடலாம். மடித்துவிட்டால் உள்ளே என்ன மிச்சம் என்று யாரும் பார்ப்பதில்லை, போதும் என்றும் ஆகிவிடும். தட்டை எப்படி மடிப்பது? மடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியை எடுத்தேன். தட்டின் மேல் போட்டு, கல்யாண வீட்டில் இலையை மடிப்பதுபோல் எதிர்ப்பக்கத்திலிருந்து என் பக்கமாக மடித்துவிட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் எல்லாரும் எழுந்திருக்க வேண்டியதுதான்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பேரர் வந்தார். தட்டுகளை எடுக்கத்தான் வந்தார். என் தட்டைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மெல்லப் பின்னால் நகர்ந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். ஈ மொய்க்காமல் மூடி வைத்திருக்கிறேன், பிறகு சாப்பிடுவேன் என்று அவர் நினைத்திருக்கிறார். மேசையில் ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் தட்டை எடுக்கக்கூடாதாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆறு பேர் எச்சில் தட்டுகளுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான்.

நான் முதலில் எழுந்திருப்பதா? அது என் கனவில்கூட வராது. பந்தியில் பெரியவர்கள் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழுந்திருப்பார்கள். நடுவில் எழுந்தால் சாப்பாட்டைக் குறை சொன்னதாக ஆகும். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா பாதிப் பந்தியில் எழுந்து போனதற்கு இரண்டு குடும்பம் எத்தனையோ வருஷம் பேசாமல் இருந்தது. அதனால் இடது பக்கம் இருந்த பெரியவரைக் கவனித்தேன். முகத்தைப் பார்க்கக் கூச்சம். அவர் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் அசைந்தால் எழப்போகிறார் என்று அர்த்தம். ஒரு முறை அசைந்தது. நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்தேன். அவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது.

அந்தச் சத்தம் என் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். பிள்ளை அங்கே அழ ஆரம்பித்திருப்பான் என்று நினைத்த உடனே எனக்கு இங்கே பால் சுரந்துவிட்டது. காவேரிக்கு அந்தக் கரையில் அவன், இந்தக் கரையில் நான். முதலில் கனமாகக் கட்டிக்கொண்டது. பிறகு ஊசி குத்தினாற்போல் வலி. முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டேன்.

மேனேஜர் அவ்வப்போது பேச்சை நிறுத்தி என்னைப் பார்ப்பார். போதுமா, நன்றாக இருந்ததா என்று கேட்பதாக நினைத்து நான் சிரிப்பேன். அவர் தலையசைத்துவிட்டு மறுபடி விதை, மழை, ஏக்கர் என்று பேச ஆரம்பிப்பார். நான் சிரிக்கச் சிரிக்கப் பேச்சு நீண்டது. என் வீட்டுக்காரரிடம் சாடையாகச் சொல்லலாம் என்றால் பூச்சாடி. பின்னால் நகரலாம் என்றால் சுவர். வலது பக்கம் ஓர் ஆண், இடது பக்கம் ஓர் ஆண். எனக்குத் தெரிந்த ஒரே வழி, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வது. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டரை அடித்தது. ரவிக்கை நனைந்து ஈரம் பட்டுச் சேலைக்கு வந்தபோது சூடாக இருந்தது, பிறகு மின்விசிறிக் காற்றில் சில்லென்று ஆனது. ஒத்திக்கொள்ள ஒரு துணி வேண்டும். கைக்கு எட்டிய துணி ஒன்றுதான். அது என் தட்டின் மேல் இருந்தது. அதை எடுத்தால் நான் ஒன்றும் சாப்பிடாதது வெளியே வரும். எடுக்காவிட்டால் இது வெளியே வரும். எது பெரிய வெட்கம் என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தைப் போல ஒரு நேரம் என் வாழ்க்கையில் மறுபடி வரவில்லை. அப்போது அவன் குரல் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது, ஆனால் கேட்டது. அழுது அழுது குரல் கம்மிப்போய், கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம்.

துணியை உருவி நெஞ்சில் அழுத்திக்கொண்டு எழுந்துவிட்டேன்.

உடனே அத்தனை நாற்காலிகளும் தரையில் கிறீச்சிட்டன. மெக்சிகோக்காரர் எழுந்தார், மேனேஜர் எழுந்தார், என் வீட்டுக்காரர் எழுந்தார், அந்தப் பெரியவர்கூட மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இன்ஸ்பெக்டர் வந்தால் வகுப்பு எழுந்து நிற்குமே, அப்படி. என் மேல் கோபம் வந்து எழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இவர் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அந்தம்மாதான் வந்தார். பெரியவரைச் சுற்றிக்கொண்டு வந்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். தோளில் இருந்த சால்வையை எடுத்து என்னை முன்பக்கமாகச் சுற்றிப் போர்த்தினார். கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாத பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டே நடத்திப் போனார். பெண்கள் கை கழுவும் அறை. வெள்ளைப் பீங்கான் தொட்டி, பெரிய நிலைக்கண்ணாடி. அவர் என்னை உள்ளே விட்டுவிட்டு, கதவில் சாய்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரும் உள்ளே வராமல்.

வலி தாங்கவில்லை. அந்தத் தொட்டியில் பீய்ச்சிவிட்டேன். வெள்ளைத் தொட்டியில் விழுந்த பால் தெரியவே இல்லை. வழிந்து ஓட்டையில் இறங்குவது மட்டும் தெரிந்தது. பிள்ளை அங்கே வெறும் வாயைச் சப்பிக்கொண்டிருக்கிறான். நான் ஓட்டல் சாக்கடைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் அழுதேன். சத்தம் வராமல். அந்தம்மா திரும்பவில்லை.

வெளியே வந்தபோது ஜீப் தயாராக இருந்தது. அந்தம்மாதான் தன் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். சால்வையை எடுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் மேனேஜரோடு இருந்துவிட்டார். டிரைவரிடம் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று சொன்னேன், "வேகமா போங்கண்ணே." அதற்கு முன்னால் அறியாத ஆளிடம் நானாக ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

தெரு முனையிலேயே கேட்டது. பூனைக்குட்டிச் சத்தம்.

மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். முன்னால் சங்கு கவிழ்ந்து கிடந்தது. அவர் தோள் முழுக்கத் துப்பின பால். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி.

"என்ன தின்ன?"

"ஒரு துண்டு ரொட்டிங்க அத்தை. கிள்ளினதுதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாத. அவ்வளவு நேரம் அங்க என்ன பண்ணுன?"

"உக்காந்திருந்தேன்."

என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். "வெயில்ல வந்திருக்க. சூட்டுப் பாலு. கொஞ்சம் பீய்ச்சிட்டுக் குடு."

"பீய்ச்சிட்டேங்க அத்தை."

"எங்க?"

"ஓட்டல்ல."

பிள்ளையை என் கையில் கொடுத்தார். அவன் பற்றிக்கொண்ட வேகத்தில் எனக்கு மூச்சு நின்றது. குடித்துக்கொண்டே விம்மினான், விம்மிக்கொண்டே குடித்தான். மாமியார் உள்ளே போய் ஒரு தட்டில் ரசம் சோறு பிசைந்து கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு இரண்டு கையும் பிள்ளையிடம் இருந்ததால் அவரே உருட்டி என் வாயில் கொடுத்தார். அது அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

"என்னதான் போட்டானுங்க?"

"சோள ரொட்டி. தட்டப்பயறு. அப்புறம் வெங்காயம், தக்காளி, பச்ச மொளகா."

உருட்டின கை அப்படியே நின்றது. "எங்க ஊர்ல களை எடுக்கப் போறவ தூக்குச்சட்டியில கொண்டுபோறத, இவனுங்க கோட்டு மாட்டிக்கிட்டுத் தின்னானுங்களா? இதுக்கா வீட்டு வாசல்ல ஜீப்பு வந்துச்சு?"

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். நான் குழந்தையோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன். திட்டு விழும் என்று தயாராக இருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"எல்லாருக்கும் கோவமாங்க?" என்று கேட்டேன்.

"கோவமா? எதுக்குக் கோவம்?"

"நான் எந்திரிச்ச உடனே எல்லாரும் எந்திரிச்சிட்டாங்களே."

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நீ உக்காந்திருந்தது வீட்டுக்காரியம்மா நாற்காலி. அதுல இருக்குறவங்க வாயில வெச்சாதான் மத்தவங்க வைக்கணும். அவங்க எந்திரிச்சாதான் மத்தவங்க எந்திரிக்கணும். அதான் அவங்க மொறை. எனக்கே இப்பத்தான் மேனேஜரு சொன்னாரு. நீ எப்ப எந்திரிப்பேன்னு அந்தப் பெரியவரு ஒண்ணுக்குப் போவாம அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தாராம்!"

மாமியார் சிரித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரியவர் முழங்காலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் முழங்காலை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு அடித்தபோதே எழுந்திருக்கலாம். ஒன்றரைக்கே எழுந்திருக்கலாம். தாழ்ப்பாள் என் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

"போறதுக்கு முன்னாடியே கேட்டுக்கிட்டு வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். கல்யாணமாகி அவரிடம் நான் கோபமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சிரிப்பை நிறுத்திக் குழந்தையைப் பார்த்தார். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்திலும் விம்மல் ஓயவில்லை.

வேலை நிரந்தரம் ஆனது. அதற்குப் பிறகு மேனேஜரின் மனைவி ஊரில் இல்லாத போதெல்லாம் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. அதே ஓட்டல், அதே நாற்காலி, முதுகுக்குப் பின்னால் அதே சுவர். விருந்தாளிகள் மட்டும் வேறு வேறு ஊர், வேறு வேறு நாடு. சாப்பாடும் வேறு. அந்தச் சோள ரொட்டி மறுபடி வரவே இல்லை. அதைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கலாமே என்று பின்னால் தோன்றியதுண்டு. அந்தச் சால்வையில்தான் எனக்குப் பிறந்த இரண்டாவதும் மூன்றாவதும் தூங்கின.

அந்த நாற்காலியில் மட்டும் நான் ஒன்றைப் பழகிக்கொண்டேன். இரண்டு வாய் சாப்பிடுவேன். கத்தியையும் முள்ளையும் சேர்த்து வைப்பேன். எழுந்துவிடுவேன். கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஒரு முறை ஒருவர் கையில் கோழிக்காலோடு எழுந்து நின்றார்.

அந்தக் கோழிக்கால் விருந்திலிருந்து திரும்பி வரும்போது பாலத்தில் என் வீட்டுக்காரர் வருத்தப்பட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாம்ல? எனக்கு ஐஸ்கிரீம் வரவே இல்ல."

"பையனுக்குப் பசிச்சிருக்கும்" என்றேன்.

மூத்தவன் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அவனே தட்டைப் போட்டு, பாட்டியிடம் பயறுக் குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருப்பான். அது அவருக்கும் தெரியும். ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.